தாழ்ப்பாளில் வைத்த கை

இன்று ஆமத்தூரில் ஒரு வீட்டுக்கு வேலை கேட்டுப் போயிருந்தேன். நுரையீரல் கெட்டுப் படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும்.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்து எனக்கு வீசிங் வந்த கதையைச் சொல்லவில்லை. தெருமுனையிலேயே இன்ஹேலரை இழுத்துவிட்டுப் பையின் அடியில் போட்டுக்கொண்டேன்.

"ஒருக்கா தூக்கிக் காட்டுங்க" என்றார் அவர் மனைவி.

மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கிச் சாய்த்து உட்கார வைத்தேன். அந்த அம்மாவுக்குத் திருப்திதான்.

"எந்தக் கம்பெனில மருந்து ரூம்ல இருந்தீக?"

"நான் சொல்லவே இல்லையேம்மா."

"உள்ள வரையில தெறந்து கெடந்த கதவுத் தாழ்ப்பாள்ல கைய அமுக்கி வச்சுட்டு வந்தீக. இவுகளும் அப்படித்தான். போர்மேனா இருந்தாக."

மருந்து அறைக்குள் நுழையுமுன் வாசலில் உள்ள செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைக்க வேண்டும். உடம்பில் இருக்கும் கரண்ட் இறங்காவிட்டால் ஒரு பொறி போதும். வேலையை விட்ட பிறகும் கை அதை விடவில்லை.

"வீசிங் இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அடக்கி வைத்திருந்த மூச்சு முந்திக்கொண்டு விசில் அடித்தது.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். "இவுகளுக்கும் மொதல்ல இந்தச் சத்தந்தான் வந்துச்சு. தூக்கையில நீங்களும் விழுந்துட்டா, ரெண்டு பேரையும் நான் எப்படிம்மா தூக்குவேன்?"

நாளை நாரணாபுரத்தில் இன்னொரு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு கையிலும் பையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும் போல. கம்பெனியில் இருந்தவர்கள் வேறு வழி தெரிந்தால் சொல்லுங்கள்.