உவர்மலை ஏற்றமும் என் முழங்காலும்

முழங்கால் தேய்ந்துவிட்டது, இரத்தத்தில் சீனியும் கூடிவிட்டது, அதனால் நடக்கவும் வேண்டும், நடக்கவும் கூடாது என்று கிளினிக் வைத்தியர் சொன்ன அன்றே என் குழப்பம் தொடங்கிவிட்டது. நடக்காமல் நடப்பது எப்படி என்று கேட்டேன். சைக்கிள் உழக்குங்கள் என்றார். கச்சேரியில், அந்த அரசாங்கக் கந்தோரில், கிளாக்கராக இருந்த காலம் முழுக்க நான் உழக்கிய கறுப்புச் சைக்கிள் குசினிச் சுவரோடு சாத்தியபடி கிடந்தது. ஒட்டடையைத் தட்டிவிட்டு, காற்றடித்துக்கொண்டு ஏறினேன். வேலைக்கும் போகாமல், சாமான் வாங்கவும் போகாமல், சும்மா சைக்கிளில் போகிற மனிதனாக வாழ்க்கையில் முதன்முறையாக வீதிக்கு வந்தேன்.

எங்கள் வீடு உவர்மலையில். விடிந்ததும் மலையால் இறங்கி, உட்துறைமுக வீதியில் கடலோரமாக ஒரு சுற்றுச் சுற்றி, மூதூருக்கு லோஞ்ச் படகு புறப்படும் இறங்குதுறையடித் தேநீர்க் கடையில் சீனி போடாத பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். போவது சுகம். வருவதுதான் வில்லங்கம். ஏற்றத்தில் பாதி வழியில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதைக் கண்டாலே எனக்கு மூச்சு வாங்கும். இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவேன். வீதியோரம் மேய்கிற மான்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இவனால் ஓர் ஆபத்துமில்லை என்று மறுபடி மேயத் தொடங்கும்.

இந்தத் தள்ளல் கதை கனடாவில் இருக்கும் மகளின் காதுக்குப் போனது. “அப்பா, ரெண்டு பேரும் இஞ்ச வாங்கோ. அங்க தனியக் கிடந்து என்ன செய்யிறியள்?” என்று ஒவ்வொரு முறை கதைக்கும்போதும் கேட்பாள். எனக்கு எரிச்சல் வரும். “ஒரு நாளைக்கு இந்த ஏத்தத்தை இறங்காமல் ஏறிக் காட்டுறன். அதுக்குப் பிறகு கனடாக் கதை கதைக்கக் கூடாது” என்று சவால் விட்டேன். மனைவி என் பக்கம்தான் நின்றாள். “அப்பாவை விடு பிள்ளை. எனக்கும் அந்தக் குளிர் ஏலாது” என்று சொல்லிவிடுவாள். ஆக, நான் இந்த ஊரில் இருப்பதா, போவதா என்பது என் முழங்காலின் கையில் இருந்தது.

ஒரு நாள் காலை தேநீர்க் கடையில் இருந்தபோது சடசடவென்று மழை பிடித்தது. மழை வந்தால் கடைக்காரர் வெளியே நிற்கிற சைக்கிள்கள் எல்லாவற்றையும் தூக்கி வந்து தகரக் கூரைக்குக் கீழே அடுக்கிவிடுவார். அது அங்கே வழக்கம். மழை விட்டதும் அவரவர் தங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்கள். நானும் எடுத்துக்கொண்டு போனேன்.

அன்று ஏற்றத்தில் வேப்பமரம் வந்தது, போனது. நான் இறங்கவில்லை. முழங்கால் முனகவில்லை. மலை உச்சிக்கு வந்தபோது எனக்கே நம்ப முடியவில்லை. மழை பெய்த குளிர்ச்சியாக இருக்கலாம் என்று நினைத்தேன். மறுநாளும் ஏறினேன். அதற்கடுத்த நாளும் ஏறினேன். மகளுக்கு அழைத்து, “பிள்ளை, அப்பா ஏறீட்டன். கனடாக் கதை முடிஞ்சுது” என்று பெரிய சத்தமாகச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவருக்கும் சொன்னேன். அன்று முழுக்க நான் தரையில் நிற்கவில்லை.

ஆனால் அதன் பிறகுதான் உண்மையான குழப்பம் பிடித்தது. சைக்கிளில் உட்கார்ந்தால் முழங்கால் முன்பைவிடக் கூடுதலாக மடிந்தது. இந்த வயதில் நான் வளர்ந்துவிட்டேனா? மணியை அடித்தால் சத்தம் வேறு மாதிரிக் கேட்டது. காதில் ஏதோ கோளாறு என்று நினைத்து எண்ணெய் விட்டேன். காற்றடிக்கும் பம்ப் சைக்கிளில் கொழுவியிருக்கும், அதைக் காணவில்லை. வீடு முழுக்கத் தேடினேன், அலுமாரிக்குள்கூடத் தேடினேன். கரியரில் நான் கட்டியிருந்தது நீல நைலோன் கயிறு. இப்போது பார்த்தால் சைக்கிள் ரியூப்பை வெட்டியெடுத்த ரப்பர் துண்டு.

“இதை நீரே கட்டினனீர்?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“நான் ஏன் உங்கட சைக்கிளைத் தொடுறன்? நீங்கள்தான் கட்டியிருப்பியள்.”

“நான் கட்டேல்லையே.”

“மறந்திருப்பியள்.”

முதல் தடவை அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். பம்ப் விஷயத்தில் சிரிக்காமல் சொன்னாள். பிறகு நான் எதைக் கேட்டாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்கும் உள்ளுக்குள் பயம் வந்துவிட்டது. நாற்பது வருடமாகத் தெரிந்த சைக்கிள் எனக்குப் பிடிபடவில்லை என்றால், கோளாறு சைக்கிளிலா, தலையிலா? கால் இளமையாகிறது, தலை கிழடாகிறது. இரண்டில் எதைச் சந்தோசப்படுவது, எதைக் கவலைப்படுவது என்று தெரியாமல் தினமும் மலையேறிக்கொண்டிருந்தேன்.

கிளினிக்கில் சீனி குறைந்திருந்தது. வைத்தியர் முதுகில் தட்டினார். அந்த நேரம் மனைவி என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவரோடு தனியாக ஏதோ கதைத்துவிட்டு வந்தாள். என்னவென்று கேட்டதற்கு, “ஒண்டுமில்லை” என்றாள். அன்று பின்னேரம் மகளோடு அவள் குசினிக்குள் அடுப்படியில் நின்று கதைப்பது கேட்டது. “ஓம் பிள்ளை, நாங்கள் வாறம். அப்பாவை நான் எப்பிடியும் கூட்டிக்கொண்டு வாறன்.”

நான் தள்ளிக்கொண்டு வந்த காலத்தில் என் பக்கம் நின்றவள், நான் பறந்து ஏறுகிற நேரத்தில் கட்சி மாறிவிட்டாள். “குளிர் ஏலாது எண்டனீர்?” என்று கேட்டேன். “உடுப்புப் போட்டாச் சரி” என்றாள். பேரப்பிள்ளைகள் மீது ஆசை வந்துவிட்டதாக்கும் என்று நானாகவே முடிவுகட்டி, அவள்மேல் கோபித்துக்கொண்டேன்.

இந்தக் கோபத்தோடு ஒரு நாள் தேநீர்க் கடையில் இருந்தபோது ஓட்டோ ஒன்று வந்து நின்றது. ஜமாலியாவில் இருக்கும், நாங்கள் எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் பெரியவர் அதிலிருந்து மெதுவாக இறங்கினார். என் வயதுக்காரர். முன்பு மீன் யாவாரம் செய்தவர். என்னைப்போலவே உடம்புக்காகக் காலையில் சைக்கிள் உழக்குகிறவர். சில கிழமைகளாக ஆளைக் காணவில்லை.

“என்ன நானா, ஓட்டோவில?”

“நம்மட காலம் முடிஞ்சி போச்சு கிளாக்கர்” என்று கதிரையில் சரிந்தார். “அண்டைக்கு அந்த மழையில நனைஞ்சதோட என்ட காலுல பெலமே இல்ல. சைக்கிள் நகரவே மாட்டேங்குது. நாலு உழக்கு உழக்கினா நெஞ்சு அடைக்குது. மகள்மார் அழுது, ஈசீஜி எடுத்தாச்சு, ஸ்கேன் எடுத்தாச்சு. ஒண்டுமில்லயாம். ஒண்டுமில்லாமலா ஒரு மனுசன் இப்பிடிப் போவான்? சைக்கிள நேத்து ஆள் வெச்சுத் தள்ளிக் கொண்டாந்து இங்க போட்டுட்டன். ஆருக்கும் வேணுமெண்டா எடுக்கட்டும்.”

கடைச் சுவரோடு சாத்தியிருந்த சைக்கிளைத் திரும்பிப் பார்த்தேன். கரியரில் நீல நைலோன் கயிறு. சட்டத்தில் என் பம்ப்.

எழுந்து போய் அந்தப் பம்பைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஏன் அழுகை வந்தது என்று தெரியவில்லை. என் தலைக்கு ஒன்றுமில்லை. அந்த மழை நாளில் நான் அவருடையதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன், அவர் என்னுடையதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். எங்கள் ஊரில் சைக்கிள் எல்லாம் கறுப்பு. மழைக்காலத்தில் எல்லா இருக்கைக்கும் நனையாமல் பொலித்தீன் சொப்பின் பை கட்டியிருக்கும். அந்தப் பழைய வட்டப் பூட்டுக்களோ, கையில் அகப்பட்ட எந்தத் திறப்புக்கும் திறந்துகொடுக்கும். என் திறப்பு அவர் பூட்டைத் திறந்தது. அவர் திறப்பு என் பூட்டைத் திறந்தது. பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்?

நானாவுக்கு விளங்கப்படுத்த நேரம் எடுத்தது. விளங்கியதும் தன் சைக்கிளில் ஏறி இறங்குதுறை முன்றலைச் சுற்றத் தொடங்கினார். லோஞ்சுக்குக் காத்திருந்த சனமெல்லாம் பார்க்க, மணியை அடித்துக்கொண்டு சுற்றினார். “என்ட நெஞ்சுக்கு ஒண்டுமில்ல கிளாக்கர்! அல்ஹம்துலில்லாஹ், ஒண்டுமில்ல!” என்று கத்தினார். பிறகு என் பக்கத்தில் வந்து நிறுத்தி, என் சைக்கிளின் பின் சில்லைக் காலால் தட்டினார். “இதுக்கு எண்ணெ காட்டியே எத்தின காலம்? இத உழக்கித்தான் நான் நெஞ்சடைச்சு மௌத்தாகப் பாத்தன்” என்று ஏசினார். வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஓட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டு அவர் சைக்கிளிலேயே போனார்.

நான் என் சைக்கிளில் மலையடிக்கு வந்தபோதுதான் மற்ற விஷயம் உறைத்தது. தலை சரியென்றால் கால் சரியில்லை. இத்தனை நாளும் ஏறியது நானல்ல, நானாவின் எண்ணெய். பல்லைக் கடித்து உழக்கினேன். வேப்பமரம் வரை வந்தேன், அதற்கு மேலும் இரண்டு வீடு தாண்டினேன். முன்பு ஒருநாளும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. அந்த இரண்டு வீடும் எனக்குச் சொந்தமான கெட்டித்தனமா, அல்லது இதிலும் ஏதும் ஏமாற்றா என்று நினைக்கிறதற்குள் மூச்சு முட்டிவிட்டது. இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். கனடாவுக்கு உடுப்பு அடுக்க வேண்டியதுதான் என்று மனம் சோர்ந்துபோனது.

மனைவி கேற்றடியில் நின்றாள். “ஏன் தள்ளிக்கொண்டு வாறியள்? என்ன நடந்தது?” என்று ஓடி வந்தாள். சைக்கிள் மாறிய கதையை வீதியிலேயே நின்று சொன்னேன். பம்பைக் காட்டினேன். கயிற்றைக் காட்டினேன்.

“அப்ப இவ்வளவு நாளும் நீங்கள் கேட்டதெல்லாம் சரியே?”

“ஓம். எல்லாம் சரி. முழங்கால் மட்டும்தான் பொய்.”

அவள் கேற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “உங்களுக்கு நினைவு தப்புது எண்டு நினைச்சன். டொக்டரும் அப்பிடித்தான் தொடங்கும் எண்டவர். என்னைத் தெரியாமப் போற நாளில இந்த வீட்டில தனிய நிண்டு நான் என்ன செய்வன்? நாளாந்தம் வீடு கண்டுபிடிச்சு வந்திடுவியளோ எண்டு இதில வந்து நிக்கிறனான்.”

நான் என் காலைப் பற்றியே பீற்றிக்கொண்டு திரிந்திருக்கிறேன். இவள் ஒரு வார்த்தை சொல்லாமல் இதைத் தனியே சுமந்திருக்கிறாள். அவள் கையைப் பிடித்தேன். வீதியில் வைத்து அப்படிப் பிடிக்கிற வழக்கம் எங்களுக்கு இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே உள்ளே போய் மகளுக்கு அழைத்தாள். “பிள்ளை, நாங்கள் வரேல்ல” என்றாள்.

“ஏன் அம்மா, என்ன நடந்தது?”

“அப்பா இண்டைக்கு மலையில ஏற ஏலாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திட்டார்” என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் போனை என் கையில் தந்தாள். மகள் அங்கே, “எனக்கு ஒண்டும் விளங்கேல்ல அப்பா” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.