ஒரு தார் ஓடும் நேரம்

செவ்வாய்க்கிழமை காலை நான் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது செல்வத்தின் போன் வந்தது. "அண்ணா, தாமு அண்ணன் போயிட்டாருண்ணா. டீ குடிச்சிகினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளயே முடிஞ்சிடுச்சாம்." என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. மூன்று வருடமாக அதில் சிகரெட் கிடையாது. சனியன் பிடித்த கைக்கு அது மறந்துவிட்டது.

முள்ளிப்பட்டு தாமோதரனை உங்களில் பலருக்கு நல்ல பட்டு நெசவாளியாகத் தெரியும். யார் வீட்டுக் கல்யாணமானாலும் பந்தியில் நின்று விசாரிக்கிறவனாகத் தெரியும். எனக்கு அவன் சிகரெட்டை விட வைத்தவன். இருவருக்கும் ஒரே வயது, ஐம்பத்தொன்று. 'அவர்' என்று எழுதினால் அவனே சிரிப்பான். அதனால் அவன் என்றே எழுதுகிறேன்.

நான்கு வருடத்துக்கு முன் ஓயாத இருமலோடு டாக்டரிடம் போய்விட்டு, மருந்துச் சீட்டோடு ஆரணியில் என் மருந்துக்கடைக்கு வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "இன்னா மெடிக்கலு, பீடி புடிச்சிப் புடிச்சி என் நெஞ்சுல தாரு சேந்து கீதுன்றாரு டாக்டரு. தாரு நாடாவுலதான கீது? நான் எப்பப்பா அத முழுங்குனேன்?" என்றான். நெசவாளிக்குத் தார் என்றால் நூல் சுற்றிய சின்னக் குச்சி. தறியில் இப்படியும் அப்படியும் ஓடுகிற நாடாக் கட்டைக்குள் அதை வைத்துத்தான் புடவைக்குக் குறுக்கு நூல் ஓட்டுவார்கள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ரோடு போடுகிற தார் மாதிரி பீடிப் புகையிலும் ஒரு பிசுக்கு உண்டு, டாக்டர் சொன்னது அதை என்று விளக்கினேன். அவன் சிரிக்கவில்லை. என் விரலிடுக்கில் புகைந்த சிகரெட்டைப் பார்த்து, "அப்ப உன் நெஞ்சுல பைபாஸ் ரோடே போட்டிருப்பாங்களே" என்றான்.

அந்த வாரமே பீடியை விட்டான். அதற்கு அவன் கண்டுபிடித்த வழியும் அந்த வார்த்தையில் இருந்துதான் வந்தது. பீடிக்குக் கை பரபரத்தால், "இந்தத் தாரு தீரட்டும், அப்பறம் புடிக்கலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தறியை ஓட்டுவான். ஒரு தார் தீர ஐந்தாறு நிமிடம் ஆகும். தீர்ந்ததும் அடுத்ததை மாட்டிவிட்டு அதையே மறுபடி சொல்வான். "ஆயுசுக்கும் வுடணும்னு நெனச்சா அடிவயிறு கலங்குது. ஒரு தாரு ஓடுற வரிக்கும் யாரால முடியாது, சொல்லு?" என்பான்.

ஒரு வருடம் கழித்து நானும் சிகரெட்டை விட ஆரம்பித்தேன். டாக்டரைக் கேட்டுக்கொண்டு, நான் விற்கிற நிக்கோட்டின் சூயிங்கத்தையே மென்றேன். மென்றுகொண்டே வருகிறவர் போகிறவர் மேல் எரிந்து விழுந்தேன். மாலையில்தான் ஆசை ஆளைப் பிய்த்துத் தின்னும். "எனக்குத் தறியா இருக்கு, தார் ஓட்ட?" என்று தாமுவிடம் கத்தினேன். தன் வீட்டுக்குக் கூட்டிப்போய் ராட்டை முன் உட்காரவைத்து, "ஓட்ட வேணாம், சுத்து" என்றான். அவன் மனைவி வசந்தா சிரிப்பை அடக்கமுடியாமல் உள்ளே ஓடிவிட்டாள். நான் சுற்றிய தார் தொளதொளவென்று இருந்தது. நாடாவில் போட்டதும் நூல் சரிந்து சிக்கிக்கொண்டது. ஒரு வாரம் அந்தத் தார்களோடு மல்லுக்கட்டியே நெய்தான். வாய்க்குள் என்னைத் திட்டியிருப்பான். ஆனால் மறுநாளும், "ஜல்தியா வா மெடிக்கலு, தாரு இல்லாம தறி நிக்குது" என்று போன் செய்வான்.

நாற்பதாம் நாள் தேசூரில் ஒரு கல்யாணம். பழைய கூட்டாளிகளோடு நின்றவன் மூன்று சிகரெட் பிடித்துவிட்டேன். அவமானத்தில் தாமு வீட்டுப் பக்கம் போகவில்லை, போனையும் எடுக்கவில்லை. நான்காம் நாள் கடைக்கே வந்து நின்றான். முகத்தைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எத்தன?"

"மூணு."

"முன்ன ஒரு நாளைக்கு எத்தன புடிப்ப?"

"பதினஞ்சு."

விரல்விட்டுக் கணக்குப் போட்டான். "நாப்பது நாளுக்கு அறநூறு. அறநூறுல மூணு போச்சி. அதுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிகினு கீற? பேஜாரு புடிச்சவனே, வா டீ குடிக்கலாம்." வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், டீக்கடையில் அழுதுவிட்டேன். அன்றோடு சரி, அதற்குப் பிறகு நான் தொடவில்லை.

தாமு போன மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து அவன் வீட்டுப் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். என் பக்கத்தில் செல்வம். விசைத்தறி ஓட்டுகிறவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். தாமுவின் பேச்சைக் கேட்டுப் பீடியை விட்டு அன்றைக்குப் பத்தொன்பதாவது நாள். தாமுவின் பங்காளி ஒருவர் சிகரெட் பெட்டியைத் திறந்து என்னிடம் நீட்டினார். "புடி சார். அவன் வுட்டு இன்னா ஆச்சி? மாரடைப்பு வுட்டுச்சா அவன?" என்றார். அவரும் துக்கத்தில்தான் பேசினார். பொய் சொல்லமாட்டேன், வாங்கிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. செல்வம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாசற்படியில் சாய்ந்திருந்த வசந்தாதான் பேசினாள். "இன்னா ஆச்சின்னா கேக்குறீங்க? எம் பொண்ணு சின்னதுலேர்ந்து அவரு கிட்டயே போவாது. 'நயினா, நாத்தம்'னு மூக்கப் பொத்திகினு ஓடும். இந்த நாலு வருஷமா அவரு பக்கத்துல குந்திகினு, அவரு தட்டுலேர்ந்தே புடுங்கித் துன்னுச்சி. நான் கண்ணால பாத்தேன். அது போதும் எனக்கு."

பங்காளி பெட்டியை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். செல்வம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

தாமுவின் பொறுமை எனக்கு வராது. அவனுடைய கிண்டலும் வராது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அவனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: தவிக்கிறவன் கூப்பிட்டால் போவது.

நேற்றுப் பகல், கடையில் நல்ல கூட்டம். செல்வம் போன் செய்தான். "தாமு அண்ணா, முடியலண்ணா. பெட்டிக்கட வாசல்ல நின்னுகினு இருக்கேன்" என்றான். பழக்கத்தில் வந்த பெயர், சொன்னது அவனுக்கே தெரியவில்லை.

நான் திருத்தவில்லை. "அங்கயே நில்லுடா, வந்துகினே இருக்கேன்" என்றேன்.