விமான நிலையத்துக்கு விட்ட இடம்

ஐம்பதுகளின் கடைசியில் சிவகாசி அச்சகம் ஒன்றில் ஓவியனாக இருந்தேன். சென்னை வியாபாரி ஒருவர் காலண்டருக்கு மீனம்பாக்கம் விமான நிலையப் படம் கேட்டிருந்தார். நான் அதைப் பார்த்ததே இல்லை. தெரிந்த மாதிரி வரைந்தேன்: தள்ளித் தள்ளிச் சின்ன அறைகள், வாசலுக்கு வாசல் மணல் வாளி.

முதலாளி சிரித்துவிட்டார். “ஏலே, இது பட்டாசு செய்ற வெடி ஆபீஸ் மாதிரில்லா இருக்கு! ஆர்டரை வேற ஆளுக்குக் குடுத்துரட்டுமா?”

“குடுக்காதீக மொதலாளி. நேர்ல பாத்துட்டு வந்து வரைஞ்சு தாரேன்.”

அன்றே ரயிலேறினேன். மீனம்பாக்கத்தில் வேலியோரம் நின்று பார்த்தால், பழைய கட்டடத்தோடு புதுக் கூடம் ஒன்றைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்பால் பெரிய பொட்டல்.

“தீப்பிடிச்சா பரவக் கூடாதுன்னு விட்ட இடமா?” என்று காவலாளியிடம் கேட்டேன்.

“இன்னாப்பா நீ! நாளைக்கு இன்னும் பெருசா கட்டணும்ல, அதுக்கு.”

எனக்குச் சுரீரென்றது. எங்கள் ஊர் வெடி ஆபீஸ்களில் தீக்குப் பயந்துதான் அறைக்கு அறை இடம் விடுவோம்.

திரும்பி வந்து வரைந்தபோது, கட்டடத்தின் பக்கத்தில் நிறைய இடத்தைக் காலியாக விட்டேன்.

“இங்கன ஏன்லே சும்மா கிடக்கு?”

“அது இன்னும் வளரும் மொதலாளி.”

அடுத்த காலண்டர் சீசனில் மறுபடியும் போய்ப் பார்த்து, அங்கே எழும்பியிருந்த புதுக் கட்டடத்தைப் படத்தில் நான் காலியாக விட்டிருந்த இடத்தில்தான் வரைந்தேன். இப்போதெல்லாம் பொட்டலைப் பார்த்தால் எனக்குத் தீ ஞாபகம் வருவதில்லை.