நூர்ஜஹானைக் குளிப்பாட்டிய நாள்

அல்லாஹ் எனக்குச் செய்ததை உள்ளபடி எழுதுகிறேன்.

ஒன்பது வருஷம் ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் கையேந்தி ஒரே துஆ கேட்டேன். நூர்ஜஹானைக் கேவலப்படுத்து என்று.

அவள் என் தெருக்காரி. போன் கம்பெனிக்குப் போய்வந்த என் மகள் ஷாஹிதா ஷிப்ட் பஸ்ஸில் எவனோடோ ஒட்டிக்கொண்டு வருகிறாள் என்று சுங்குவார்சத்திரம் முழுக்கச் சொன்னாள். பொய். நிக்காஹுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டார் நிறுத்திவிட்டார்கள். ஷாஹிதா ஓசூருக்கு வேலைக்குப் போனாள். திரும்பி வரவில்லை.

போன ரமலானுக்கு முன்னால், படுக்கையில் கிடந்த நூர்ஜஹான் மவுத்தானாள். எங்கள் ஜமாஅத்தில் பெண் யாரும் இறந்தால் மையித்தைக் குளிப்பாட்டுவது நான்தான். என்னைப் போல் முறையாகச் செய்ய ஆள் கிடையாது. வர மாட்டேன் என்றேன். அவள் மருமகள் பர்வீன் வாசலிலேயே நின்றாள்.

"நீங்க வரலேன்னா வேற யாரு கீறாங்க நானிமா? மத்தியானம் லுஹருக்கு எடுக்கணும்."

போனேன். மன்னித்துப் போகவில்லை. செய்த பாவத்துக்கு அவள் முகம் கறுத்திருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

முகம் சாதாரணமாக இருந்தது. துணிக்கு அடியில் முதுகைத் திருப்பினால் படுக்கைப் புண். எலும்பு தெரிந்தது. தண்ணீர் ஊற்றிய பர்வீன் செம்பைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் அவருக்கும் ஒரகடத்துல ஷிப்டு. ஓ.டி. வேற. திருப்பிப் போட ஆள் இல்ல. வெளிய சொல்லிடாதீங்க."

நான் கேட்டதுதான் கிடைத்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்போதும் நாக்கு துடித்தது. வெளியே தெருப் பெண்கள் அத்தனை பேரும் இருக்கிறார்கள். ஒரு வார்த்தை போதும், அந்தக் குடும்பம் தலை நிமிராது. குளிப்பாட்டுகிறவள் கண்டதை மறைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? யா அல்லாஹ், என் நாவைப் பிடித்துக்கொள் என்று அழுதேன். புண்ணில் பஞ்சு வைத்து, உயிருள்ளவளைப் போல மெல்லக் கழுவினேன். கஃபன் துணியை மூடுமுன், உன்னை மன்னித்துப் பொருந்திக்கொண்டேன் என்று அவளிடம் சொன்னேன்.

வெளியே வந்ததும் ஒருத்தி குத்தலாகக் கேட்டாள். "மொகம் இன்னா மாதிரி கீது? உன் வயித்தெரிச்சல் சும்மா வுட்டுச்சா?"

"தூங்குற மாதிரி கீது" என்றேன். அதற்கு மேல் என் வாய் திறக்கவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டுக்கு வந்து தொழும்போதுதான் என் தப்பு எனக்குத் தெரிந்தது. அந்தப் பேச்சு வந்த நாளில், ஒன்றும் கேட்காமல் ஷாஹிதாவை அடித்தவள் நான். போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "சரிம்மா" என்று வைத்துவிட்டாள். இன்னும் வரவில்லை.

இப்போது யாரையும் சபித்துக் கையேந்துவதில்லை. சகோதரிகளே, நீங்களும் அவனிடம் கேளுங்கள். என் நெஞ்சையே இளக்கியவன், உங்களுடையதையும் இளக்குவான். ஆனால் மன்னித்துவிட்டேன் என்பதை ஆள் உயிரோடு இருக்கும்போதே போய்ச் சொல்லிவிடுங்கள். நான் சொன்னது நூர்ஜஹான் காதில் விழவில்லை.