கயிற்றின் உள்ளிழை

சிவானுஜாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று பாலையூற்றில் எல்லாரும் சொல்வார்கள். பிழையாகத் திருத்திய விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு அதிபரின் அறைவாசலில் நின்றவள் அவள். பெண் பார்க்க வந்தவர்கள், "இரசாயனம் படிச்சுக் குசினிச் சமையலுக்கு என்ன பிரயோசனம்?" என்று சிரித்தபோது, தேநீர்த் தட்டத்தோடு உள்ளே திரும்பிப் போனவளும் அவள்தான். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் வேலை. நைலோன், பிளாஸ்டிக் போன்றவற்றின் மூலக்கூறுச் சங்கிலிகள் நீளமா கட்டையா என்று அளந்து சொல்வாள்.

கச்சான் காற்று பலத்து வீசிய ஒரு நாள், கப்பலைக் கட்டியிருந்த நைலோன் கயிறு அறுந்தது. அது சாட்டைபோலத் திரும்பி வந்து, அங்கே வேலை செய்துகொண்டிருந்த குறிஞ்சாக்கேணி அப்ராஸின் வலது காலை முழங்காலோடு கொண்டுபோய்விட்டது. அவன் நிற்கக்கூடாத இடத்தில் கவனமில்லாமல் நின்றான் என்றார் அவனை வேலைக்கு வைத்திருந்த ஒப்பந்தக்காரர். விசாரணை அதிகாரி கேட்டதால் கயிற்றில் ஒரு துண்டு சோதனைக்கூடத்துக்கு வந்தது.

அவள் அதன் நாரைப் போமிக் அமிலத்தில் நீர்க்கக் கரைத்தாள். தடிப்பாகக் கரைத்தால் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். நீர்க்கக் கரைத்தால்தான் ஒவ்வொன்றும் தனியே சுருண்டு மிதக்கும். நீளமான சங்கிலி பெரிய உருண்டையாகத் திரண்டு திரவத்தின் ஓட்டத்தை மறிக்கும். கட்டைச் சங்கிலியால் அவ்வளவு மறிக்க ஏலாது. நூலளவு துளையுள்ள கண்ணாடிக் குழாயில் கரைசலை விட்டு, அது இறங்கும் நேரத்தைப் பார்த்தாள். வெறும் அமிலத்தைவிடக் கொஞ்சம்தான் மெதுவாக இறங்கியது. நல்ல நைலோன் கரைசல் அப்படி ஓடவே ஓடாது.

"வெயில் பட்டுப் பழுதாகியிருக்கும். விடும்," என்றார் பொறுப்பாளர் பாலசிங்கம்.

"வெயில் வெளியிலதானே சேர் படும்?"

கயிற்றைப் பிரித்து, வெளிச்சமே காணாத உள்ளிழையை எடுத்தாள். இன்னும் இன்னும் நீர்க்க வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். உள்ளேயும் அதே கட்டைச் சங்கிலிதான்; அப்படியான கயிறு பாரம் தாங்காது. பழைய நைலோனை உருக்கி உருக்கித் திரித்துப் புதுக்கயிறென்று விற்றிருக்கிறார்கள். முடிவை எழுதிப் பாலசிங்கத்தின் மேசையில் வைத்தாள்.

பாலசிங்கமோ, 'மாதிரி சோதனைக்கு உகந்ததல்ல' என்று விசாரணை அதிகாரிக்கு எழுதி அனுப்பிவிட்டார்.

"ஏன் சேர் அப்பிடி எழுதினீங்கள்?"

"எங்களுக்கு வேலை தாறதே அந்த ஒப்பந்தக்காரர்தான். உமக்கு எதுக்கு இந்தக் கதை?"

"கால் போனவனுக்கு நீங்களே போய்ச் சொல்லுங்கோ, எதுக்கெண்டு!"

அவள் கத்திய கத்தில் அடுத்த அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றுபோனது.

கயிறு அங்கே வந்ததைக் கேள்விப்பட்டு, அந்த வாரமே அப்ராஸின் மனைவி பஸ்மியா கறுப்பு அபாயாவோடு சோதனைக்கூட வாசலில் வந்து நின்றாள். "மிஸ், புள்ளைகள்ற வாப்பாவ எல்லாரும் கவனமில்லாத மனிசன் எண்டு சொல்றாங்க. அவரும் இப்ப அப்பிடித்தான் நினைக்கிறார். அதைத்தான் மிஸ் தாங்க ஏலாம இருக்கு."

சிவானுஜா பல்லைக் கடித்தாள். "விசாரணையில என்னைக் கூப்பிடச் சொல்லிக் கேளுங்கோ. நான் வாறன்."

கூப்பிட்டார்கள். ஒப்பந்தக்காரரின் சட்டத்தரணி கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "கயிறு எவ்வளவு பாரம் தாங்கும் எண்டு இழுத்துப் பாத்தனீங்களா, மிஸ்? கண்ணாடிக் குழாயில தண்ணி ஊத்தித்தானே பாத்தனீங்கள்?"

"இழுத்துப் பாத்தாச்சு ஐயா. அதிலதான் ஒரு மனிசன்ட கால் போனது. இன்னும் என்னத்தை இழுக்கோணும்?"

அதிகாரி மேசையைத் தட்டினார். "அமைதியாக் கதையுங்கோ."

"ஏலாது," என்றாள். ஆனாலும் மூச்சை இழுத்து விட்டு, சங்கிலிகளைப் பற்றியும் வெயில் எட்டாத உள்ளிழையைப் பற்றியும் விளங்கச் சொன்னாள். மீதி உள்ளிழையை மேசையில் வைத்தாள். "என்னை நம்பவேண்டாம். கொழும்பில எங்கயாவது குடுத்துப் பாருங்கோ."

கொழும்பிலும் அதே முடிவுதான் வந்தது. அப்ராஸின் பெயரிலிருந்து 'கவனக்குறைவு' நீங்கியது. அந்தக் கயிறுகள் துறைமுகத்திலிருந்து அகற்றப்பட்டன. ஆனால் கயிற்றை விற்றவர் யார், தெரிந்தே வாங்கியவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒப்பந்தக்காரர் சோதனைக்கூடத்துக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினார். சிவானுஜாவைப் பழைய குழாய்கள் கழுவும் பக்கத்துக்கு மாற்றினார்கள்.

பஸ்மியா இனிப்பாக வட்டிலப்பம் செய்து கொண்டுவந்து கொடுத்தாள். "இனிக் கோபத்தை விடுங்க மிஸ். அவர் இப்ப சிரிக்கிறார்."

"அவர் சிரிக்கட்டும்," என்றாள் சிவானுஜா. "நான் இன்னும் கேட்டு முடிக்கேல்ல."

அடுத்த நாள் காலை வேலைக்குப் போகாமல், விற்றவர் யாரென்று விசாரிக்கச் சொல்லி முறைப்பாடு கொடுக்கக் காவல் நிலையத்துக்குப் போனாள்.