நீர்வேலியில் நூறு கல்

ஜனவரி 19, திங்கட்கிழமை. விடியற்காலையில் கொழும்புக் கோட்டையில் நான் ஏறிய ரயில், மதியம் ஒன்றுக்குச் சற்று முன்பாக என்னை யாழ்ப்பாணத்தில் இறக்கிவிட்டது. ஆனையிறவு தாண்டியதிலிருந்து யன்னலோரம் இருந்து தண்டவாளத்தின் அடியில் கொட்டியிருந்த கருங்கல் சல்லியையே பார்த்துக்கொண்டு வந்தேன். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல். கருங்கல் எங்கே கிடந்தாலும் அது யாரோ கொண்டுவந்து போட்டது.

கல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழிலாக இருந்தது. கனடாவின் வடக்கை ஒரு காலத்தில் பெரும் பனிப்பாளம் மூடிக் கிடந்தது. அது நகரும்போது அடிப்பாறையைப் பிய்த்து, நெடுந்தூரம் இழுத்துப்போய், உருகிய இடத்தில் களிமண்ணோடு சேர்த்து விட்டுவிட்டது. அந்தக் களிமண்ணிலிருந்து நூறு கல் எடுத்து ஒவ்வொன்றின் தாய்ப்பாறையும் எங்கே என்று பார்த்தால், பனி எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தெரியும். இதற்கு ஒரே ஒரு விதிதான். கல்லைப் பொறுக்கி எடுக்கக் கூடாது. கையில் எது வருகிறதோ அதை எடுக்க வேண்டும்.

அந்த விதியை நான் மீறினேன். எண்பத்தைந்தில், வடக்குக் கனடாவின் ஓர் ஏரிக்கரையில், என்னைப்போல யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்த குணரத்தினமும் நானும் ஒரே கூடாரத்தில் இருந்தோம். நான் மூத்த மாணவன். பனி வடகிழக்கிலிருந்து வந்தது என்று என் வரைபடம் சொன்னது. குணம் எண்ணிய நூறில் சிவப்பு மணற்கற்கள் இருந்தன. அந்தப் பாறை மேற்கில் மட்டுமே உண்டு. அவன் உறங்கியபின் அவற்றை அவனுடைய பையிலிருந்து எடுத்து ஏரியில் எறிந்தேன். அதே எண்ணிக்கைக்கு வேறு கற்களைப் போட்டுக் கட்டிவைத்தேன். பேராசிரியர் சரிபார்த்தபோது பையும் குறிப்புப் புத்தகமும் ஒத்துப்போகவில்லை. கவனமில்லாதவன் என்று குணத்தின் உதவித்தொகையை நிறுத்தினார்கள். யுத்தத்துக்குப் பயந்து எல்லாரும் ஊரைவிட்டு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் அவன் ஊருக்குத் திரும்பிப் போனான்.

அதை அவனிடம் சொல்லத்தான் வந்தேன். அவனுக்குப் போட்ட கடிதத்தில் "கல்லுப் பார்க்க வாறன்" என்று மட்டும் எழுதியிருந்தேன்.

நிலையத்திலிருந்து அவன் ஊரான நீர்வேலி பத்துக் கிலோமீற்றர். ஓட்டோவுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய்.

"ஆரிட்டை ஐயா போறியள்?"

"குணரத்தினம் மாஸ்ரர் வீடு."

"கல்லு மாஸ்ரரோ?" சாரதி சிரித்தார். "போன வருசம் என்னை மறிச்சு, ஓட்டோச் சில்லிலை சிக்கின கல்லைக் கழட்டி எடுத்தவர். எங்கையிருந்து வாறாய் எண்டு கேட்டார். கொழும்புத்துறை எண்டன். அதையும் எழுதிக்கொண்டு போறார். விசர் எண்டு நினைச்சுப்போட்டன், குறை நினையாதேங்கோ."

இரண்டு மணிக்கு வாழைத் தோட்டத்து வாசற்படலையில் இறங்கினேன். குணம் மெலிந்திருந்தான். மூக்குக் கண்ணாடி தடித்திருந்தது.

"நல்லாக் கொழுத்துப்போனாய் மச்சான். நடந்து திரியிற வேலையெல்லாம் மற்றவைக்குக் குடுத்திட்டியோ?"

தெல்லிப்பழைப் பக்கம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் அவன். மனைவி தேவி இறந்து நாலு வருடம். கொட்டிலில் நாற்பது, ஐம்பது சிறு சாக்குகள் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று பெயர்த்துண்டு: உள்ளே ஒன்று, வாய்க்கட்டில் ஒன்று, வெளியே ஒன்று. குசினியில் உப்புப் போத்தலிலும் 'உப்பு' என்று ஒட்டியிருந்தது.

தேத்தண்ணி குடித்தபடி தன் ஆராய்ச்சியைச் சொன்னான். யுத்த காலத்தில் ரயில் பாதையைப் பிடுங்கிப் பதுங்கு குழி கட்டினார்கள். தண்டவாளம், சிலிப்பர்க்கட்டையோடு சல்லிக்கல்லும் சாக்குச் சாக்காகப் போனது. குழிகள் தூர்ந்துவிட்டன. கல் மட்டும் தோட்டங்களில் கிடக்கிறது. எந்தத் தோட்டத்தில் எவ்வளவு என்று எண்ணினால், எந்த நிலையத்துப் பாதை எந்தப் பக்கம் போனது என்று வரையலாமாம்.

"சாவகச்சேரிக் கல்லு வேறை, கோண்டாவில் கல்லு வேறை. அங்கை பனி செய்த வேலையை இஞ்சை சனம் தலையிலை சுமந்து செய்திருக்கு."

எனக்குப் பயணத்தின் காரணமே கொஞ்ச நேரம் மறந்துபோனது. அவ்வளவு நல்ல யோசனை அது.

வாழைகளுக்கிடையில் நாலு தடி நட்டுக் கயிறு கட்டியிருந்தான். "என்ரை கண் சரியில்லை. நீ நூறு கல்லு எண்ணு."

முழந்தாளில் இருந்து செம்மண்ணைக் கிளறினேன். சுண்ணாம்புக்கல், சுண்ணாம்புக்கல், கருங்கல். முப்பத்துநாலாவதாக ஓர் ஓட்டுத் துண்டு வந்தது.

"உதையும் எடுக்கிறதோ?"

"கைக்கு வந்ததை எடு. நீதானே எனக்குப் படிப்பிச்சனி."

அதற்குமேல் என்னால் எண்ண முடியவில்லை.

"குணம், அந்த ஏரிக்கரைப் பையிலை கை வைச்சது நான். சிவப்புக் கல்லுகளை எடுத்து எறிஞ்சுபோட்டு வேறை போட்டனான்."

அவன் கொப்பியை மூடினான்.

"நான்தான் பையை மாறிக் கட்டிப்போட்டன் எண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருக்கிறன்" என்றான். "உப்புப் போத்தலுக்கும் பேர் ஒட்டுற மனிசன் எண்டு தேவி சாகுமட்டும் பகிடி பண்ணினவள்."

பிறகு அவனே கேட்டான்.

"அப்ப பனி மேற்கிலையிருந்து வந்ததோ, இல்லையோ?"

"வந்தது. முதல் மேற்கிலையிருந்து, பிறகு வடகிழக்கிலையிருந்து. வேறை ஆக்கள் ஆழமாத் தோண்டிக் கண்டவை."

"எப்ப?"

"இருபது வருசத்துக்கு முந்தி."

"இருபது வருசமா உனக்குத் தெரியும்."

"ஓம்."

அவன் போய்ப் பம்பைப் போட்டு வாய்க்காலில் தண்ணீர் விட்டான். இரவு சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டான். பாய் விரித்துத் தந்தான்.

ஜனவரி 20, காலை ஏழு மணி. மேசையில் தாளும் பேனையும் இருந்தன.

"எழுது. பல்கலைக்கழகத்துக்கு."

எழுதினேன். பூதக்கண்ணாடி வைத்து வாசித்தான்.

"'சில கற்கள்' எண்டு எழுதியிருக்கிறாய். பதினேழு."

வேறு தாளில் திரும்ப எழுதினேன். பதினேழு. அவன் அதை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்தான். தானே தபாலில் போடுவானாம். அதில் நியாயம் இருந்தது.

மன்னிப்பாயா என்று கேட்டேன்.

"நூறு முடியேல்லை. முடிச்சுப்போட்டுப் போ."

ஈரமண்ணில் மிச்ச அறுபத்தாறையும் எடுத்தேன். நூறில் பதினொரு கருங்கல் தேறியது. எண்ணியவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினான். பிறகு நான் கல் சேர்த்த வாளியைச் சாக்கின்மேல் கவிழ்த்து, முதலாவது கல்லை எடுத்துக் கண்ணுக்கு அருகே பிடித்தான்.

கனடாவில் முப்பது வருடம் நான் சொன்ன எண்ணை யாரும் திருப்பி எண்ணியதில்லை. என்னை ஏற்ற வந்த ஓட்டோ படலையில் நின்று ஹோர்ன் அடித்தது. சாரதியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்து, குணத்தின் எதிரே குந்தினேன். அவன் இருபத்தோராவது கல்லில் இருந்தான்.