பொன்மணிக்காகப் பேசியவள்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் கம்பெனி ஒன்றில் பொன்மணி பிழை திருத்துகிறாள். அதற்கு முன்னால் பட்டாசு ஆலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்த வெள்ளைத்தாய் வெடிவிபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் பக்கம் போகவே கால் வரவில்லை. அவளை நினைத்துத்தான் நாவல் எழுதினாள். ஊர்வாய்க்குப் பயந்து நாவலில் அவள் பெயரைச் செண்பகம் என்று மாற்றினாள். எழுதுகிற சங்கதி வீட்டில்கூட யாருக்கும் தெரியாது.

பதிப்பகங்களுக்கு அனுப்பினாள், பதிலே இல்லை. புது எழுத்தாளருக்காகப் பதிப்பகங்களிடம் பேசி ஒப்பந்தம் வாங்கித் தரும் இலக்கிய முகவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, தேடித் தேடி மின்னஞ்சல் போட்டாள். தமிழ் எடுப்பதில்லை என்றார்கள் சிலர். ஒருவர் முதல் அத்தியாயங்களை வாங்கி வைத்துக்கொண்டு அதோடு மறந்துபோனார். கடைசியாகச் சென்னையில் இருக்கும் கீர்த்திகா என்ற முகவருக்கு அனுப்பிவிட்டு, நடப்பது நடக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

காலண்டர் சீசன் சூடுபிடித்த ஒரு மத்தியானம் கீர்த்திகாவே போனில் வந்தாள்.

"உங்க நாவலை நான் எடுத்துக்கறேங்க. உண்மையைச் சொன்னா, திறந்தே பார்க்காமத்தான் வச்சிருந்தேன். உங்க தோழி கூப்பிட்டுப் படிங்க படிங்கன்னு சொன்னாங்க. அப்புறம்தான் படிச்சேன்."

"எந்தத் தோழி மேடம்? நான் யார்ட்டயும் சொல்லலயே."

"ஆனைக்குட்டத்துக்காரங்களாம். வெள்ளைத்தாய்னு சொன்னாங்க. செண்பகம் வேண்டாம், எம் பேரையே போடச் சொல்லுங்கன்னாங்க."

எந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது என்று பொன்மணி கேட்டு வாங்கினாள். அதை அழுத்தியதும், அழிக்க மனமில்லாமல் அவள் வைத்திருந்த பழைய பெயர் திரையில் எழுந்தது. வெள்ளைத்தாய். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது பதிவுக் குரல்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ஆனைக்குட்டம் போனாள். வெள்ளைத்தாயின் புருஷன் செல்லச்சாமி வாசலில் நின்றிருந்தார்.

"வா தங்கச்சி. எம்புட்டு நாளாச்சு!"

"அண்ணே, மதினியோட போன் இருக்கா?"

ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் விபத்தன்றும் அது வீட்டில்தான் கிடந்தது. செல்லச்சாமி டிரங்குப் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்து நீட்டினார்.

"சும்மா கூடுதான். சிம்மைக் களட்டி அவகூடவே குளியில போட்டுட்டேன். அவ நம்பர்ல வேற யாரும் பேசிறப்படாதுன்னு."

பொன்மணி வாங்கினாள். யாரோ வெகுநேரம் பேசிவிட்டு இப்போதுதான் வைத்ததுபோல் போன் சுட்டது. நடந்ததையெல்லாம் சொன்னாள்.

செல்லச்சாமி டிரங்குப் பெட்டியை மூடினார்.

"அவ பேரைப் போடட்டுமாண்ணே?"

"அவளே சொல்லிட்டாள்ல. இனி நான் என்னத்தச் சொல்ல." பிறகு தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்: "என்னைய ஏதும் விசாரிச்சாளா?"

"விசாரிச்சா அண்ணே," என்றாள் பொன்மணி. அது பொய்.

நாவல் முழுக்கச் செண்பகத்தை எடுத்துவிட்டு வெள்ளைத்தாய் என்று திருத்தி அனுப்பினாள். கீர்த்திகா பேசிப் பேசி ஒரு பதிப்பகத்தைச் சம்மதிக்க வைத்தாள். தை மாதம் புத்தகம் வந்தது. கீர்த்திகாவுக்கு அதன்பிறகு அந்த அழைப்பு வரவில்லை. பேசியவள் உயிரோடு இல்லை என்பதைப் பொன்மணி அவளிடம் சொல்லவும் இல்லை.